ஆடாமல் விட்ட ஆட்டம்

இந்திய டென்னிஸ் வரலாற்றில் 1974ஆம் ஆண்டு தனியிடம் பெற்றது. அவ்வாண்டு டேவிஸ் கோப்பைப் போட்டியில் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து நின்ற நம் அணி, மொத்தம் 327 'கேம்'கள் நீண்ட போராட்டத்திற்குப் பின் 3-2 என்ற கணக்கில் வென்றது. அடுத்துப் பூனாவில் சோவியத் ஒன்றியத்தை 3-1 என வீழ்த்தி இறுதிச் சுற்றை எட்டியது. அணியின் தூண்களாக விளங்கியவர்கள் சென்னை மண்ணின் மைந்தர்களான ஆனந்த், விஜய் அமிர்தராஜ் சகோதரர்கள். இளையவரான விஜய்க்கு அப்போது வயது இருபது. 1900இல் தொடங்கிய அப்போட்டியில் அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ஆஸ்திரேலியா ஆகியவற்றைத் தவிர வேறெந்த நாட்டாரும் கோப்பையைக் கைக்கொண்டதில்லை. அவ்வரிசையில் புதியதொரு நாட்டின் பெயர் பொறிக்கப்படும் காலம் கனிந்திருந்தது.

அவ்வாறே புதியதொரு பெயர் பொறிக்கப்பட்டது. ஆனால் அது இந்தியாவின் பெயரன்று, தென்னாப்பிரிக்காவின் பெயர். இறுதிச் சுற்றில் நமக்கு எதிரணியாக வாய்த்தது நிறவெறியைச் சட்டமாக்கி வைத்திருந்த அந்த நாடே. அதனோடு ஆடுவதில்லை என்று இந்திய அரசு முடிவு செய்தது. ஒரு பந்தும் அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது.

அம்முடிவு சரியானதா? ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று இன்றும் நம்புவோர் உண்டு. களத்தில் தோற்கடித்திருந்தால் அதைவிடச் சிறந்த பதிலடி ஏது என்று கேட்போரும் உண்டு. மனித உரிமைகளை மிதிக்கும் நாட்டோடு விளையாடலாமா, அத்தகைய நாட்டில் நடைபெறும் விழாவில் பங்கேற்கலாமா என்னும் வினா ஒவ்வொரு தலைமுறையிலும் புதுவடிவம் பெற்று எழுகின்றது. பொதுவான நெறிகளைக் கொண்டு மட்டும் இதற்கு விடை காண இயலாது. நடந்தது என்ன என்பதைச் சற்றே பொறுமையாகத் திரும்பிப் பார்ப்போம்.

நிறம் பார்த்த ஆடுகளம்

தென்னாப்பிரிக்காவில் 1948இல் ஆட்சியைக் கைப்பற்றிய தேசியக் கட்சி, மக்கள் அனைவரையும் நிறவாரியாகப் பதிவேட்டில் பிரித்தது. குடியிருக்கும் தெரு, பயிலும் பள்ளி, பூங்காவில் அமரும் இருக்கை வரை யாவும் நிறத்தின்படி வகுக்கப்பட்டன. விளையாட்டும் இதற்கு விலக்காகவில்லை. வெள்ளையரும் மற்றையோரும் தனித்தனியே ஆட வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரும் அணிகளும் இவ்வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று 1956இல் உள்துறை அமைச்சர் டோங்கஸ் வெளிப்படையாகவே அறிவித்தார். அவ்வழக்கத்தை மற்றவர்களும் மதித்தார்கள் என்பதே வேதனை. 1960இல் அங்குச் சென்ற நியூசிலாந்து ரக்பி அணி, தன் நாட்டின் பூர்வகுடிகளான மவோரி வீரர்களை வீட்டிலேயே விட்டுச் சென்றது. 1970இல் மவோரி வீரர்கள் 'கௌரவ வெள்ளையர்' என்ற பட்டத்தோடு அனுமதிக்கப்பட்டனர். இப்பட்டம் அவமதிப்பா, சலுகையா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

பாப்வா சேவ்கோலம் என்பவரின் கதை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. டர்பன் நகரைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினரான அவர், கோல்ஃப் ஆடும் செல்வர்களுக்கு மட்டைப்பை சுமந்து வயிறு வளர்த்தவர். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பைப் பெறாதவர். எல்லாரும் மட்டையைப் பற்றும் முறைக்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிப் பற்றி ஆடியவர். 1959இலும் 1960இலும் ஹாலந்து நாட்டின் ஓப்பன் போட்டியில் முதலிடம் பெற்றார். 1963இல் தம் சொந்த ஊரிலேயே நடந்த நாட்டல் ஓப்பன் போட்டியில் வெள்ளையர் அனைவரையும் வென்றார். ஆனால் அப்போட்டி நடந்த மனமகிழ் மன்றக் கட்டடத்திற்குள் வெள்ளையரல்லாதவர் நுழையலாகாது. ஆகவே வெற்றியாளர் வெளியே மழையில் நின்றபடி கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவியது. 1965இல் புகழ்பெற்ற கேரி பிளேயரையும் பின்னுக்குத் தள்ளி அதே போட்டியில் மீண்டும் வென்றார். அதன்பின் அரசு அவருக்கு ஆடும் அனுமதியையே மறுத்துவிட்டது. 1978இல் வறுமையில் அவர் மறைந்தார்.

'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்' என்னும் அறிவுரை அக்காலத்தில் அடிக்கடி ஒலித்தது. மழையில் நின்ற அம்மனிதரிடம் இதைக் கூறியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அங்கே அரசியல் வெளியிலிருந்து கொண்டுவரப்படவில்லை. அது முன்னரே வாயிற்கதவில் காவல் நின்றது.

புறக்கணியுங்கள் என்று கேட்டவர்கள்

இந்தப் புறக்கணிப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அது இலண்டனிலோ தில்லியிலோ பிறந்த யோசனையன்று. 1959இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலியும், தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசின் தலைவர் டாக்டர் ஜி. எம். நாயக்கரும், லிபரல் கட்சியின் பீட்டர் பிரவுனும் இணைந்து, எங்கள் நாட்டுப் பொருள்களைப் புறக்கணியுங்கள் என்று பிரித்தானிய மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். அதனால் விளையும் துன்பம் முதலில் தம் மக்களையே தாக்கும் என்பதை லுத்துலி அறிந்திருந்தார். அறிந்தே கேட்டார்.

விளையாட்டுத் துறையில் இக்குரலை எழுப்பியவர்களில் முதன்மையானவர் டெனிஸ் புரூட்டஸ். ஆசிரியர், கவிஞர். நிறபேதமற்ற விளையாட்டுக்காக 1958இல் ஒரு சங்கத்தையும், பின்னர் 'சான்ராக்' எனச் சுருக்கி அழைக்கப்பட்ட ஒலிம்பிக் குழுவையும் உருவாக்கப் பாடுபட்டார். அதற்காகத் தடையுத்தரவுகளுக்கு உள்ளானார். 1963இல் காவலர் பிடியிலிருந்து தப்ப முயன்றபோது ஜொகானஸ்பர்க் தெருவில் சுடப்பட்டார். உயிர் பிழைத்து ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் சிறையிலிருந்த 1964ஆம் ஆண்டில்தான் டோக்கியோ ஒலிம்பிக் விழாவின் கதவு தென்னாப்பிரிக்காவுக்கு அடைக்கப்பட்டது. 1970இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவிலிருந்தே அந்நாடு வெளியேற்றப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, 1956லேயே உலக மேசைப்பந்துச் சம்மேளனம் வெள்ளையர் சங்கத்தை விலக்கி, நிறபேதமற்ற சங்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தது.

பின்னாளில் சான்ராக் அமைப்பை இலண்டனிலிருந்து வழிநடத்திய சாம் ராம்சாமியும் டர்பன் இந்தியரே. ஐக்கிய நாடுகள் சபையில் நிறவெறிக்கு எதிரான பணிகளைப் பல்லாண்டுகள் தோளில் சுமந்த இ. எஸ். ரெட்டி, நெல்லூர்ப் பகுதியில் பிறந்து சென்னையில் பயின்றவர். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று விளையாடியோரின் பெயர்களைப் பட்டியலிட்டு ஐ.நா. வெளியிட்டுவந்த பதிவேடு 1980களில் பல வீரர்களைச் சிந்திக்க வைத்தது.

ஓவல் மைதானத்தில் 158

எத்தனை அறிக்கைகளாலும் விளங்காத செய்தியை ஒரு தனிமனிதரின் வாழ்க்கை உலகுக்கு விளக்கிவிடுவதுண்டு. பேசில் டி ஒலிவேரா கேப்டவுனில் பிறந்தவர். கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டதால் எத்தனை ஓட்டங்கள் குவித்தாலும் தாய்நாட்டு அணியில் அவருக்கு இடமில்லை. கிரிக்கெட் எழுத்தாளர் ஜான் ஆர்லட்டின் உதவியால் 1960இல் இங்கிலாந்து சென்றார். 1966இல் இங்கிலாந்து அணியிலேயே இடம்பிடித்தார்.

1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் 158 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்துத் தென்னாப்பிரிக்கப் பயணம் இருந்தது. அதற்கான அணிப் பட்டியல் சில நாள்களில் வெளியானபோது அவர் பெயர் அதில் இல்லை! கிரிக்கெட்டுக்குரிய காரணங்களே என்று தேர்வாளர்கள் கூறினர்; நாட்டு மக்களில் பெரும்பாலோர் நம்பவில்லை. பின்னர் டாம் கார்ட்ரைட் காயத்தால் விலகவே, செப்டம்பரில் டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். இது கிரிக்கெட் அணியன்று, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்ற பொருளில் முழங்கிய பிரதமர் வோர்ஸ்டர், அவ்வணியை ஏற்க மறுத்தார். பயணம் கைவிடப்பட்டது.

'நாங்கள் விளையாடத்தான் வருகிறோம்' என்றவர்களை அரசியல் பேசித் திருப்பி அனுப்பியது யார்? போராட்டக்காரர்கள் அல்லர், பிரிட்டோரியா அரசே. அதன்பின் மக்கள் உள்ளத்தில் ஐயம் இருக்கவில்லை. 1969-70இல் பிரிட்டனுக்கு வந்த தென்னாப்பிரிக்க ரக்பி அணியை ஊர்தோறும் ஆர்ப்பாட்டங்கள் எதிர்கொண்டன. பீட்டர் ஹெய்ன் என்னும் மாணவர் முன்னணியில் நின்றார். 1970 மே மாதம், வரவிருந்த கிரிக்கெட் பயணத்தை அரசின் வேண்டுகோளின்படி இங்கிலாந்து வாரியம் இரத்துச் செய்தது. ஆஸ்திரேலியாவும் தன் அழைப்பை 1971இல் திரும்பப் பெற்றது. அப்போது அந்நாட்டு வாரியத்தின் தலைவர் டான் பிராட்மன்.

பாலம் கட்ட முயன்ற ஒருவர்

ஒதுக்கி வைப்பதைவிட ஊடாடித் திருத்துவதே மேல் என்னும் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதில் அன்பின் சாயல் உண்டு. அமெரிக்காவின் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் அவ்வாதத்தை நேர்மையோடு சோதித்துப் பார்த்தவர். இருமுறை விசா மறுக்கப்பட்ட அவருக்கு 1973இல் அனுமதி கிடைத்தது. ஜொகானஸ்பர்க்கில் ஆடினார். ஒற்றையர் இறுதியில் ஜிம்மி கானர்சிடம் தோற்றாலும், டாம் ஓக்கருடன் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். சுதந்திரமான ஒரு கறுப்பு மனிதரைக் கறுப்பினச் சிறுவர்கள் கண்ணாரக் கண்டார்கள். அது சிறிய பயனன்று.

ஆயினும் ஆஷ் புறப்பட்டுச் சென்றபின் அச்சிறுவர்களின் வாழ்வில் மாறியது எதுவும் இல்லை. மாறாக, உலகம் எங்களோடு உறவாடுகிறது என்று காட்டிக்கொள்ள அரசுக்கு மற்றொரு சான்று கிடைத்தது. காலப்போக்கில் ஆஷ் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1983இல் பாடகர் ஹேரி பெலஃபாண்டேயுடன் சேர்ந்து, நிறவெறிக்கு எதிரான கலைஞர், வீரர்களின் அமைப்பைத் தோற்றுவித்தார். 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நடந்த மறியலில் கைதானார். பாலம் கட்ட முயன்றவர், அந்தப் பாலத்தின் வழியே யார் நடந்து போகிறார்கள் என்பதைக் கண்டபின் எடுத்த முடிவு அது.

தனிமைப்படுத்தியதால் உள்ளேயிருந்த வெள்ளை வீரர்களின் மனம் இறுகிவிடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. 1971 ஏப்ரல் 3ஆம் நாள், கேப்டவுனின் நியூலண்ட்ஸ் மைதானத்தில் மைக் புரோக்டர் ஒரே ஒரு பந்தை வீச, பேரி ரிச்சர்ட்ஸ் அதை எதிர்கொள்ள, உடனே வீரர்கள் அனைவரும் களத்தை விட்டு வெளியேறினர். தகுதியின் அடிப்படையில் அணி அமைய வேண்டும் என்பது அவர்கள் விடுத்த அறிக்கை. வெளியிலிருந்து கதவு அடைபடும் ஓசை கேட்ட பின்னரே உள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது.

விலை கொடுத்தவர்கள்

புறக்கணிப்பின் விலையை ஆட்சியாளர்கள் கொடுப்பதில்லை; வீரர்களே கொடுக்கின்றனர். ஒரு விளையாட்டு வீரரின் இளமை மிகக் குறுகியது. நான்காண்டுகளுக்கு ஒருமுறை வரும் விழா, அவர் வாழ்வில் ஒருமுறையே வரலாம்.

1976 ஜூன் 16ஆம் நாள் சோவெட்டோவில் மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த சில வாரங்களிலேயே நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தை மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கக் கோரிய ஆப்பிரிக்க நாடுகள், கோரிக்கை ஏற்கப்படாததால் இருபதுக்கும் மேற்பட்டவை தாமே வெளியேறின. தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி 1,500 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனையாளர். நியூசிலாந்தின் ஜான் வாக்கரோடு அவர் ஓடுவதைக் காண உலகம் காத்திருந்தது. அந்த ஓட்டம் நடக்கவே இல்லை. வாக்கர் தங்கம் பெற்றார். எத்தியோப்பியாவின் மிருட்ஸ் யிஃப்டரும் அவ்விழாவை இழந்தார். அவர் நான்காண்டுகள் காத்திருந்து மாஸ்கோவில் இரு தங்கங்களை வென்றார். காத்திருக்க இயலாதோர் எத்தனையோ பேர். பாயியின் நாடு தென்னாப்பிரிக்காவும் அன்று. அவர் எந்தக் குற்றமும் செய்தவரும் அல்லர்.

மறுபுறம், விலையைப் பெற்றுக்கொண்டோரும் உண்டு. 1980களில் தென்னாப்பிரிக்கா பெரும்பணம் கொடுத்து வெளிநாட்டுக் கிரிக்கெட் வீரர்களை அழைத்தது. இங்கிலாந்திலிருந்தும், இலங்கையிலிருந்தும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும்கூட அணிகள் சென்றன. இலங்கையின் முதல் டெஸ்ட் அணித்தலைவர் பந்துல வர்ணபுர தலைமையில் 1982இல் சென்றோருக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர்களுள் பலர் வறியவர்கள், ஆட்டத்தால் பெரிதாய் ஊதியம் காணாதவர்கள் என்பதை மறந்து கல்லெறிவது எளிது. ஆனால் அதே அழைப்பை விவியன் ரிச்சர்ட்சும் பெற்றார், மறுத்தார்.

தங்கள் நாட்டின் பாவத்துக்காக ஆட்ட வாழ்வை இழந்த வெள்ளையரும் இக்கணக்கில் சேர்வர். கிரீம் பொல்லாக் 23 டெஸ்ட் ஆட்டங்களோடும், புரோக்டர் ஏழோடும், பேரி ரிச்சர்ட்ஸ் நான்கோடும் நிறுத்தப்பட்டனர். நான்கு கோடி மக்கள் பட்ட துன்பத்தின் முன் ஒருவனுடைய டெஸ்ட் வாழ்வு எம்மாத்திரம் என்ற கருத்தைப் புரோக்டர் பின்னாளில் கூறினார். இழந்தவரே இவ்வாறு கூறும்போது அச்சொல்லுக்குத் தனி எடை உண்டு.

மாஸ்கோவில் நடந்தது வேறு

எல்லாப் புறக்கணிப்பும் ஒன்றல்ல. ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனி, ஜப்பான் உள்ளிட்ட பல நாடுகளும் புறக்கணித்தன. அமெரிக்க வீரர்கள் சிலர் நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. நான்காண்டுகள் கழித்துச் சோவியத் ஒன்றியமும் அதன் தோழமை நாடுகளும் லாஸ் ஏஞ்சல்ஸ் விழாவுக்கு வர மறுத்துப் பழிதீர்த்தன. இரு வல்லரசுகளின் பகைமையில் இரு தலைமுறை வீரர்கள் பகடைக்காய்களாயினர். சோவியத் படைகளோ 1989 பிப்ரவரி வரை அங்கேயே இருந்தன.

மாஸ்கோவுக்கு இந்தியா சென்றது. தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கத்தையும் கொண்டுவந்தது. 1974இல் டேவிஸ் கோப்பையை விட்டுக்கொடுத்த வேளையிலும் 1980இல் மாஸ்கோவுக்கு அணியை அனுப்பிய வேளையிலும் பிரதமராக இருந்தவர் இந்திரா காந்தியே. இரண்டாம் முடிவில் சோவியத் நட்பும் பங்கு வகித்தது என்பதை ஒளிப்பானேன்? அறத்தின் பெயரால் பேசும் அரசுகள் தராசைத் தமக்கேற்பச் சாய்ப்பது புதிதன்று.

ஆயினும் இவ்விரு புறக்கணிப்புகளுக்கும் இடையே உள்ள வேற்றுமை நமக்குச் சில கேள்விகளைக் கற்பிக்கின்றது. கேட்டவர் யார்? தென்னாப்பிரிக்காவில் ஒடுக்கப்பட்டோரே கேட்டனர். மாஸ்கோவில் ஒரு வல்லரசின் அதிபர் கேட்டார். தவறு எங்கே நிகழ்ந்தது? தென்னாப்பிரிக்காவில் ஆடுகளத்திலேயே நிகழ்ந்தது. அங்கே அணித்தேர்வே அநீதியாக இருந்தது. திரும்பும் வழி உண்டா? உண்டு, நிறபேதமின்றி ஆடுங்கள், கதவு திறக்கும் என்ற நிபந்தனை தொடக்கம் முதலே தெளிவாயிருந்தது. மாஸ்கோவில் அத்தகைய தெளிவு இல்லை.

1936 பெர்லின் விழா இக்கேள்விகளின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. யூதர்களை விளையாட்டுச் சங்கங்களிலிருந்து இட்லரின் ஆட்சி விரட்டியதைக் கண்டு அமெரிக்காவில் புறக்கணிப்புக் குரல் எழுந்தது. 1935 டிசம்பரில் சிறு வாக்கு வேறுபாட்டில் அது தோற்றது. விழா நடந்தது. உயரம் தாண்டுவதில் ஜெர்மானியச் சாதனையைச் சமன் செய்த யூதப் பெண் கிரேட்டல் பெர்க்மன் கடைசி வேளையில் ஒதுக்கப்பட்டார். ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்று இனவெறியின் முகத்தில் கரி பூசினார் என்று நாம் மகிழ்கிறோம். மெய்தான். ஆனால் அவ்வெற்றி ஒரு யூதரின் வீட்டையும் காக்கவில்லை. களத்தில் வென்று பாடம் புகட்டலாம் என்போர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதவு திறந்த நாள்

1990 பிப்ரவரி 11ஆம் நாள் நெல்சன் மண்டேலா விடுதலையானார். 1991இல் வெள்ளையரும் மற்றையோரும் ஒரே கிரிக்கெட் வாரியத்தில் இணைந்தனர். அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள், தென்னாப்பிரிக்க அணி இருபத்தொரு ஆண்டுத் தனிமைக்குப் பின் தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது. எங்கே? கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில்! 1946லேயே அந்நாட்டோடு வணிகத்தை முறித்துக்கொண்ட நாடு, அதற்கு முதலில் கதவைத் திறந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் திரண்டு வரவேற்ற காட்சியைக் கண்டு அணித்தலைவர் கிளைவ் ரைஸ் நெகிழ்ந்து போனார். வெறுப்பினால் செய்த புறக்கணிப்பாயின் அந்த வரவேற்பு வாய்த்திருக்காது.

1992 மார்ச்சில் சீர்திருத்தம் தொடர வேண்டுமா என்று வெள்ளையரிடையே வாக்கெடுப்பு நடந்தது. அந்நாள்களில் அவர்களது அணி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உலகக் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தது. 'வேண்டாம்' என்று வாக்களித்தால் தனிமை மீளும் என்பதை யாவரும் அறிந்திருந்தனர். ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் 'வேண்டும்' என்றனர். நிறவெறியை வீழ்த்தியது விளையாட்டுப் புறக்கணிப்பு மட்டுமன்று. உள்நாட்டு மக்களின் தியாகமும், பொருளாதாரத் தடையும், உலக அரசியல் மாற்றமுமே பெரும்பங்கு வகித்தன. எனினும் சாதாரண வெள்ளைக் குடிமகனின் வீட்டுக் கூடம் வரை சென்று, 'உங்களை உலகம் ஏற்கவில்லை' என்று சொன்னது விளையாட்டே.

அதே ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் எத்தியோப்பியாவின் டெரார்ட்டு துலு முதலிடமும், தென்னாப்பிரிக்காவின் வெள்ளைப் பெண் எலானா மேயர் இரண்டாமிடமும் பெற்றனர். ஓட்டம் முடிந்தபின் இருவரும் கைகோத்து மைதானத்தை வலம் வந்தனர். தென்னாப்பிரிக்க அணியை அவ்விழாவுக்கு அழைத்து வந்தவர் சாம் ராம்சாமி.

நம் வீடும் இன்றைய கேள்வியும்

பிறர் கண்ணில் உள்ள துரும்பைச் சுட்டும்போது நம் கண்ணில் உள்ளதையும் பார்க்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளராக விளங்கிய பல்வங்கர் பாலு, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பூனாவில் அவர் பந்துவீச்சால் வென்ற தோழர்கள் உள்ளே தேநீர் அருந்த, அவருக்கு மட்டும் வெளியே தனிக் குவளையில் தேநீர் தரப்பட்டது. பம்பாயில் இந்து அணியின் தலைமை இறுதிவரை அவருக்கு மறுக்கப்பட்டது. 1920இல் அவருடைய தம்பியர் அவ்வணியிலிருந்து விலகி நின்று எதிர்ப்புக் காட்டினர். 1923இல் தம்பியருள் ஒருவரான விட்டல் அணித்தலைவரானார். பாதிக்கப்பட்டவரே விலகி நின்று, திரும்பும் வழியையும் காட்டிய புறக்கணிப்பு நம் மண்ணிலும் நிகழ்ந்திருக்கிறது.

இன்று கேள்வி மீண்டும் ஆப்கானிஸ்தானத்தின் பெயரால் எழுந்துள்ளது. 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி திரும்பியபின் அங்கே பெண்களுக்கு விளையாட்டும் உயர்கல்வியும் அடைக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கிரிக்கெட் வாரியம் 25 வீராங்கனைகளை ஒப்பந்தம் செய்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் புகுந்தனர். ஆடவர் அணியோ உலகப் போட்டிகளில் தொடர்ந்து ஆடுகின்றது. 2025இல் சாம்பியன்ஸ் கோப்பையில் அவ்வணியோடு இங்கிலாந்து ஆடலாகாது என்று பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கோரினர். ஆட்டம் நடந்தது, ஆப்கானிஸ்தான் வென்றது.

தென்னாப்பிரிக்கா கற்பித்த முதற்கேள்வியை இங்கும் கேட்போம்: பாதிக்கப்பட்டோர் கேட்பது என்ன? நாடிழந்த அப்பெண்கள் 2024இல் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றத்துக்கு எழுதிய மடலில் வேண்டியது, தங்களை அகதிகள் அணியாக ஏற்று ஆட விடுங்கள் என்பதே. ஆடவர் அணியின் முன்னணி வீரர் ரஷீத் கானும் பெண்களின் மருத்துவக் கல்வி தடைபட்டபோது வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். 2025 ஜனவரி 30ஆம் நாள் மெல்பர்ன் நகரில் அவ்வீராங்கனைகள் மீண்டும் ஓர் அணியாகக் களமிறங்கினர். அவ்வாண்டு ஏப்ரலில் மன்றம் அவர்களுக்கு உதவத் தனிக்குழு அமைத்தது. இந்திய வாரியமும் அதில் பங்கேற்றது. இங்கே முதற்கடமை ஓர் அணியை வெளியேற்றுவதன்று. வெளியே நிற்கும் அணியை உள்ளே அழைப்பது. அதைச் செய்ய மறுப்போமாயின், அப்பெண்கள் நாளை புறக்கணிப்பைக் கேட்கும்போது மறுக்க நமக்கு வாயிராது.

1974ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம். டேவிஸ் கோப்பை இன்றளவும் இந்தியாவுக்கு வாய்க்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1987இல், அமிர்தராஜ் சகோதரர்கள் மீண்டும் இறுதிச் சுற்றை அடைந்து சுவீடனிடம் 0-5 எனத் தோற்றனர். இளமை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அன்றைய ஏமாற்றத்தையும், அம்முடிவின் நியாயத்தையும் விஜய் பின்னாளில் ஒருசேரப் பேசியிருக்கிறார். இரண்டும் உண்மையே. சரியான செயல் வலியற்றதாய் இருக்க வேண்டும் என்ற விதி எங்குமில்லை. ஆனால் அவ்வலியை இளைஞர் இருவர் தோள்களில் ஏற்றிவிட்டு, பெருமையை மட்டும் நாடு எடுத்துக்கொள்வது முறையன்று. மழையில் நின்று பரிசு பெற்ற மனிதருக்கு அவர்கள் கொடுத்த கடனை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.